கல்லு விண்டோஸ்

எங்கள் நெடுமாவிளை சபையில் பெயரில்லாத பொருளே கிடையாது. மின்விசிறிக்கு மூன்று இறக்கை என்றால் மூன்றிலும் யாராவது ஒருவருடைய நினைவு சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும். டியூப்லைட்டில் எழுத்துக்கு நடுவே மிஞ்சிய இடத்தில்தான் வெளிச்சம் வரும். பெஞ்சின் முதுகில் பெயர், காணிக்கைப் பையின் கைப்பிடியில் பெயர், மைக் ஸ்டாண்டின் காலில் பெயர். குடிதண்ணீரைக் குளிரவைக்கிற பெட்டி மூன்று இருக்கிறது. மூன்றிலும் பெயர் உண்டு, தண்ணீர் கிடையாது. மார்த்தாண்டத்தைச் சுற்றி எந்தச் சபைக்குப் போனாலும் ஏறக்குறைய இப்படித்தான். செத்துப்போனவர்களைப் பரலோகத்தில் கர்த்தர் பார்த்துக்கொள்வார், பூமியில் அவர்களுக்கு ஒரு இறக்கையாவது வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம்.

நான் ஆன்ஸ்லின். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். சபைக் கமிட்டியில் பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை பாட்டு வரிகளைப் புரொஜெக்டர் வழியாகத் திரையில் ஓட்டுவது என் வேலை. கமிட்டி கூடினால் டீ வந்ததா என்று எட்டிப் பார்ப்பதும் என் வேலையாக ஆகிவிட்டது. மற்றபடி அங்கே நான் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ரசலையன் அண்ணன் தன் மனைவி ராகேல் அக்காவின் பெயரைச் சபையில் எங்காவது எழுத வேண்டும் என்று மூன்று வருஷமாக நடையாய் நடந்துகொண்டிருந்தார். சவுதியில் வெல்டராக இருந்தவர். வாலிபம் முழுக்க அங்கே போனது. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு என்பதால், ராகேல் அக்கா வெள்ளிதோறும் ஜங்ஷனில் இருந்த எஸ்டிடி பூத்தில் அவர் போனுக்காக நிற்பாள். போன் வருகிற வரைக்கும் பூத்துக்காரனோடு பேச்சுக் கொடுப்பாள், வந்ததும் வெளியே நிற்கிற எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பிவிடுவாள். சனிக்கிழமை சபையைக் கூட்டிப் பெருக்குவாள். ஞாயிறு பாட்டுக் குழுவில் நிற்பாள். அண்ணன் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். ஒரு வருஷம் முடிவதற்குள் வயிற்றில் வந்த கட்டி அவளைக் கொண்டுபோய்விட்டது. அவளோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களைக் கூட்டினால் லீவு நாட்களும் ஆஸ்பத்திரி நாட்களும்தான் தேறும் என்று அவரே ஒருமுறை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு இறக்கை கிடைக்கவில்லை. மின்விசிறி வாங்கித் தருகிறேன் என்றார்; கூரையில் கொக்கி இல்லை என்றார்கள். பெஞ்ச் என்றார், நடக்க இடம் வேண்டாமா என்றார்கள். ஜெனரேட்டர் என்றார், அதை ஒரு டாக்டர் குடும்பம் தருவதாகச் சொல்லியிருக்கிறது என்றார்கள். அந்தக் குடும்பம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது, நாங்களும் கரண்ட் போனால் இருட்டிலேயே ஜெபம் செய்துகொண்டிருக்கிறோம்.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. 2010ஆம் வருஷம். காணிக்கைப் பாட்டு. மூன்றாம் சரணம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையின் மூலையில் ஒரு மஞ்சள் பலூன் முளைத்து, உங்கள் விண்டோஸ் அசல் அல்ல, நீங்கள் போலிச் சரக்குக்குப் பலியாகியிருக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னது. நான் மௌசோடு மல்லுக்கட்டினேன். போகவில்லை. பாட்டு வரிக்குப் பக்கத்திலேயே நின்றது. முன்வரிசை ஆட்கள் பாட்டை நிறுத்திவிட்டு அதை வாசிக்க ஆரம்பித்தார்கள், தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு அர்த்தம் சொன்னார்கள். காணிக்கைப் பை அன்றைக்குப் பாதி வழியிலேயே நின்றுபோனது.

ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் சொன்ன கையைப் போதகர் இறக்குவதற்குள் செல்வதாஸ் எழுந்துவிட்டார். போன தேர்தலில் செயலாளர் பதவிக்கு நின்று ஞானதாசன் சாரிடம் தோற்றவர். அன்று முதல் எந்த ஞாயிறும் அவர் சும்மா வீட்டுக்குப் போனதில்லை.

“பாஸ்டரே, ஒரு சந்தேகம். கள்ளச் சரக்குல ஓடுன பாட்ட கர்த்தரு கேப்பாரா, கேக்க மாட்டாரா? அத மட்டும் செயலாளரு சொல்லட்டு.”

ஞானதாசன் சாரின் முகம் கறுத்துவிட்டது. அவர் நகராட்சியில் கடைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பிரிவில் இருந்துகொண்டு பிறர் காசில் ஒரு டீகூடக் குடிக்காத மனிதர் என்று ஊரில் பெயர். அவர் பொறுப்பில் இருக்கும் கம்ப்யூட்டரே கள்ளக் கம்ப்யூட்டர் என்று சபை நடுவே சொன்னால் எப்படி இருக்கும்? அன்று மதியமே கமிட்டியைக் கூட்டினார்.

“ஒரிஜினல் வாங்கணும். பில்லோட வாங்கணும். வேற பேச்சுக்கே இடமில்ல.”

அதற்கு யார் செலவு செய்வது என்றதும் கமிட்டி முழுவதும் கூரையைப் பார்த்தது. வெளியே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ரசலையன் அண்ணன் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“சாரே, அதுக்கு ஏற்கெனவே வேற யாராவது சொல்லி வச்சிருக்காவளா?”

“இல்ல.”

“அப்பம் நான் தாறேன். அதுல ராகேலுக்க பேரு எழுத முடியுமா?”

விண்டோஸில் பெயின்டால் எழுத முடியாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் சாரும் அண்ணனும் நானும் மார்த்தாண்டத்தில் ஜாஸ்பரின் கடைக்குப் போனோம். ஜாஸ்பர் எங்கள் சபைப் பையன்தான். ஊரில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் விண்டோஸ் போட்டவன் அவன். எல்லாம் ஒரே சிடியில் இருந்து போட்டது. ஒரிஜினல் வேண்டும் என்றதும் அவன் முகத்தில் கவலை தெரிந்தது.

“என்ன சாரே, கம்ப்யூட்டர்ல எதாவது பிரச்சினையா? சொல்லுங்க, நான் வந்து வேற போட்டுத் தாறேன்.”

“ஒரிஜினல் கேட்டேன் மக்கா.”

“அத நான் கண்ணால கண்டதில்ல சாரே. படத்துலதான் பாத்திருக்கேன்.”

திருவனந்தபுரத்தில் இருந்து வரவழைக்க ஒரு வாரம் ஆனது. பஸ்ஸில் பார்சலாக வந்த பெட்டியை அவன் மேஜையில் வைத்தபோது பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து பார்த்தார்கள். ஒருவர் கையில் எடுத்துக் கனம் பார்த்தார். உள்ளே ஒரு சிடித் தட்டும் ஒரு சின்ன ஒட்டுச்சீட்டும் மட்டும்தான் என்று தெரிந்ததும், இதுக்கா இவ்வளவு ரூபாய் என்று கேட்டுவிட்டுத் தன் கடைக்குப் போய்விட்டார். ஒரிஜினல் வாங்கினால் அதோடு என்ன இலவசம் என்று அண்ணன் கேட்டார், அது எங்கள் பக்கத்தில் கேட்காமல் விடக்கூடாத கேள்வி. ஜாஸ்பர் யோசித்துப் பார்த்துவிட்டு, கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர், வைரஸ் பிடிக்கிற சாஃப்ட்வேர், தமிழ் எழுத்து எல்லாவற்றையும் ஒரு சிடியில் அடித்துத் தந்தான். அத்தனையும் கள்ளம். ஞானதாசன் சார் அந்தச் சிடியை விரல் நுனியால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பில் கேட்டார். அந்தக் கடையில் பில் புத்தகமே கிடையாது. அதற்காக ஒன்று வாங்கிவர ஜாஸ்பரே எழுந்து ஓடினான்.

போடுகிற அன்று வேறு ஒரு கூத்து. ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று டிக் அடிக்கிற இடம் வந்ததும் நான் மௌசை நகர்த்தினேன். சார் என் கையைத் தடுத்தார்.

“டீச்சரே, வாசிக்காம ஒத்துக்கிடுவியளா?”

“எல்லாரும் அப்படித்தான் செய்வாவ சார்.”

“எல்லாரும் செய்யதுக்கா நம்ம இங்க இருக்கோம்?”

சனிக்கிழமை முழுக்கத் திரையில் ஸ்கேலை வைத்து வரிவரியாக வாசித்தார். சபையின் பெயரால் ஒப்பந்தம் என்றால் கமிட்டி தீர்மானம் இல்லாமல் டிக் அடிக்கக்கூடாது என்று முடிவுக்கு வந்தார். கமிட்டி கூடியது. ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் போடலாம் என்ற நிபந்தனையைச் சார் வாசித்ததும், பார்வையாளராக வந்திருந்த செல்வதாஸ் கையை உயர்த்தினார்.

“அது செரியில்ல. ‘சபைக்குச் சொந்தமான எல்லாக் கம்ப்யூட்டரிலும்’னு திருத்தம் போடணும்.”

“சபைக்கு ஒரு கம்ப்யூட்டருதான உண்டு?” என்றேன்.

“நாளைக்கு ரெண்டு வந்தா?”

எந்த நாட்டிலோ இருக்கிற கம்பெனி எழுதிய ஒப்பந்தத்தை நெடுமாவிளையில் திருத்த முடியாது என்று விளக்குவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. திருத்தம் ஓட்டுக்கு விடப்பட்டுத் தோற்றது. பிறகு போதகர் ஒரு சிறு ஜெபம் செய்து, மௌசைப் பிடித்து, டிக் அடித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். அசல் விண்டோஸ் ஓட ஆரம்பித்தது. ஞானதாசன் சாரின் கண் கலங்கியதை நான் பார்த்தேன், எனக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது என்பதை மறைப்பானேன்.

பெயர் விஷயம் மட்டும் மிச்சம் நின்றது. கம்ப்யூட்டர் பெட்டியில் எழுதலாம் என்றால் பெட்டி வேறொரு குடும்பத்தின் அன்பளிப்பு, அதன் நெற்றியிலேயே அவர்கள் பெயர் இருந்தது. மானிட்டரும் அப்படியே. விண்டோஸை மட்டும் தனியாகக் காட்ட ஒரு இடம் வேண்டும். நான் விடைத்தாள் திருத்த நாகர்கோவிலுக்குப் போயிருந்த வாரத்தில் அண்ணனும் சாரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவு செய்திருக்கிறார்கள்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை சபையின் வாசல் சுவரில் திரை போட்டு மூடியிருந்தது. ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் கயிற்றை இழுத்தார். உள்ளே, கல்வேலைக்குப் பேர்போன மயிலாடியில் வெட்டிய கருங்கல். கர்த்தருடைய நாமத்துக்கு மகிமையாக, திருமதி ராகேல் ரசலையன் நினைவாக இவ்வாலயத்துக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்ட அசல் விண்டோஸ் என்று தமிழில் இருந்தது. அதன் கீழே அவள் பெயர் ஆங்கிலத்தில். அதற்கும் கீழே, உரிம எண் என்று போட்டு, ஒட்டுச்சீட்டில் இருந்த இருபத்தைந்து எழுத்தும் எண்ணும் ஒன்றுவிடாமல் ஆழமாக வெட்டித் தங்கநிறப் பெயின்ட் அடித்திருந்தது.

“சார், அந்த நம்பரு ரகசியம். ஒருத்தருக்கும் காட்டக்கூடாது,” என்று ஞானதாசன் சாரின் காதில் சொன்னேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “டீச்சரே, முப்பது வருஷம் நான் லைசென்ஸ் செக்ஷன்ல இருந்தவன். லைசென்ஸ்னா பொதுமக்க பார்வையில படும்படியா மாட்டி வச்சிருக்கணும். உள்ள பூட்டி வச்சா அதுக்கு நானே ஃபைன் போட்டிருக்கேன்.”

“அது கடை லைசென்ஸ் சார். இது பூட்டுக்க சாவி மாதிரி.”

“எழுதினா அழிக்கலாம், ஒட்டினா கிழிக்கலாம். கல்லுல வெட்டினத எவன் களவாண்டுட்டுப் போவான்?”

பக்கத்தில் இளைஞர்கள் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று சாருக்குப் பெருமை. ரசலையன் அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. அவள் பெயர் வெட்டியிருந்த குழியில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டு நின்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஜாஸ்பரின் கடையில் ஒரு புதுக் கேள்வி வந்தது. “சாதா விண்டோஸ் போதுமா, கல்லு விண்டோஸ் வேணுமா?” எல்லோருக்கும் கல்லு விண்டோஸ்தான் வேண்டும். அது ஒரிஜினல், பில் உள்ளது, போதகர் ஜெபம் செய்து டிக் அடித்தது. மனச்சாட்சிக்கும் தொந்தரவில்லை: சபைக்குக் கொடுத்தது சபையாருக்குக் கொடுத்ததுதானே, வருஷா வருஷம் சந்தா கட்டுகிறோமே, நம் பொருளை நாம் எடுத்தால் களவு எப்படி ஆகும் என்று பாட்டுக் குழுவில் ஒரு அக்காவே என்னிடம் கேட்டாள். கல்லில் உள்ள நம்பரை அடித்துவிட்டுக் கம்பெனி போனுக்கு ஒரு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. எத்தனை கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறாய் என்று மெஷின் கேட்கும். ஜாஸ்பர் ஒவ்வொரு தடவையும் ஒன்று என்றே அமுக்கினான்.

அவனே இன்னொரு விதியையும் உண்டாக்கிப் பரப்பிவிட்டான். கல்லில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு எழுத்து விடாமல் அடிக்க வேண்டும், பெயரும் நம்பரும் சேர்ந்து பொருந்தினால்தான் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் என்று. இது சுத்தப் பொய். விண்டோஸ் உன் பெயர் என்ன என்று கேட்கும், நீ என்ன பெயர் கொடுத்தாலும் அதற்குக் கவலையில்லை. எங்கள் ஆட்கள் வேதவசனத்தில் கூட இவ்வளவு ஜாக்கிரதை காட்டியதில்லை.

பல மாதம் நிம்மதியாக ஓடியது. அறுப்பின் பண்டிகை அன்று, வாழைக்குலையும் சேவலும் மரச்சீனிக் கிழங்கும் பலிபீடத்தின் முன்னால் குவிந்து கிடக்க, நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். திரை முழுக்கக் கறுப்பு. வலது மூலையில் அதே பழைய வாசகம்: இந்த விண்டோஸ் அசல் அல்ல. கருங்கல்லில் அசல் என்று வெட்டி வைத்துவிட்டு உள்ளே இப்படிக் காட்டினால் சபை சிரிக்காமல் என்ன செய்யும். நம்பர் எங்கெங்கோ ஓடுகிறது என்று கம்பெனி கண்டுபிடித்துவிட்டது என்பது எனக்கு உடனே புரிந்தது.

செல்வதாஸ் இந்த முறை ஆசீர்வாதம் வரைக்கும் காத்திருக்கவில்லை.

“கல்லப் பேக்கணும். கர்த்தருக்க ஆலயத்துச் செவுத்துல பொய் எழுதி வச்சிருக்கு. ஒரு செத்த பொம்பளைக்க பேருக்குக் கீழ கள்ள நம்பரு! இது அவளுக்கே அவமானம்!”

ரசலையன் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். சபை இரண்டாகப் பிரிந்து கத்தியது. கடைசியில் கமிட்டி ஒரு வாரம் தவணை கொடுத்தது. அதற்குள் விண்டோஸை அசலாக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் பெயர்க்கப்படும். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சேவல்களை எல்லாம் அவிழ்த்து விட்டிருப்பேன். மூன்று வருஷம் நடந்து ஒரு மனிதன் வாங்கிய இடத்தை ஒரு வாரத்தில் பிடுங்கப் பார்த்தார்கள்.

கம்பெனிக்குப் போன் செய்வதற்கு முன்னால் வீடுவீடாகப் போய் அழித்துவிட்டு வருவோம், எத்தனை கம்ப்யூட்டர் என்று கேட்கும்போது ஒன்று என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கும் என்றார் ஞானதாசன் சார். பிழை திருத்துவதிலும் அவருக்கு ஒரு நேர்மை உண்டு. சாரும் அண்ணனும் நானும் கிளம்பினோம். யார் யார் என்று ஜாஸ்பர் பயந்துபோய் ஒப்புவித்திருந்தான். முதல் பெயரே செல்வதாஸ்.

செல்வதாஸ் வாசலில் நின்று வழி மறித்தார். “எனக்கு ஒண்ணும் தெரியாது. அது பிள்ளையளு செஞ்ச வேல.”

“தொறந்து காட்டும்,” என்றார் சார்.

கம்ப்யூட்டரைப் போட்டார்கள். நீலத்திரை வந்தது. நடுவில் ஒரு பூப்படம், அதன் கீழே வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெயர்: ராகேல் ரசலையன். அதைத் தட்டினால்தான் உள்ளே போகலாம். தட்டினார்கள். நல்வரவு என்ற வார்த்தை வந்தது.

நானும் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. செல்வதாஸ் செருமினார். “அது… கல்லுல உள்ளதுபோல அடிக்கணும்னு ஜாஸ்பரு சொன்னான்.”

அண்ணன் திரும்பத் திரும்ப அந்தப் பெயரைப் பார்த்தார். “டீச்சரே, இன்னொருக்க அணைச்சுப் போடுங்க பாப்போம்,” என்றார். போட்டேன். மறுபடியும் வந்தாள்.

அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, ரப்பர் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் உள்ள வீடுகள். எங்கே போனாலும் அவள் பெயர்தான் முதலில் வந்தது. ஒரு வீட்டில் பாடப்புத்தகத்துக்கு நடுவே, ஒரு வீட்டில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், ஒரு வீட்டில் மெத்தைமேல் வைத்திருந்த லேப்டாப்பில். அழிப்பதற்காகக் கொண்டுபோன சிடி என் பையிலேயே கிடந்தது. அண்ணன் அழிக்கவும் சொல்லவில்லை, அழிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சார்தான் வீட்டுக்கு வீடு வேர்த்து விறுவிறுத்து, “டீச்சரே, தொடங்குங்க, தொடங்குங்க” என்றார். நான் அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு, வயர் சரியில்லை, கரண்ட் குறைச்சல் என்று எதையாவது சொன்னேன்.

கடைசியாகப் பிரிஸ்காவின் வீடு. கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்தில் மாப்பிள்ளை துபாய்க்குப் போய்விட்டான். அவள் மாமியாரோடு இருக்கிறாள். கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். நாங்கள் வந்த காரியத்தைச் சார் சொன்னதும் அவள் பதறிவிட்டாள்.

“இத அழிச்சா நான் அவியகிட்ட எப்படி மாமா பேசுவேன்? காலம்பற எழும்பினதும் ராகேலக்காவத் தட்டுவேன். அக்கா தொறந்து விட்டாத்தான் அவிய முகம் வரும்.” பிறகுதான் அண்ணன் பின்னால் நிற்பதைக் கவனித்தாள். “மாமா, தப்பா ஒண்ணும் சொல்லல்ல. அக்கா பேரக் காணும்பம் மனசுக்கு ஒரு தைரியம். அவியளும் இதுபோல காத்துக் கெடந்தவியதான?”

அண்ணன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அடக்கமாக இல்லை, சத்தமாக அழுதார். பிரிஸ்காவின் மாமியார் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெள்ளிக்கிழமைகளில் பூத்துக்குள் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றவளை நான் அறிவேன், அவர் அறிய மாட்டார்; அவர் அந்தப் போனின் மறுமுனையில் இருந்தார்.

தவணை முடிகிற சனிக்கிழமை. சபை அலுவலகத்தில் சார், அண்ணன், நான், போதகர். அழித்தது ஒன்றுகூட இல்லை. கல்லைப் பெயர்க்க நாளைக்கு ஆள் சொல்லியாகிவிட்டது என்று செல்வதாஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சார் கம்பெனிக்குப் போன் போட்டார். மெஷின் நிறையப் பேசியது, பிறகு ஒரு பெண் வந்தாள், எங்கள் நல்ல காலத்துக்குத் தமிழ் பேசினாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சரிபார்த்து மறுபடியும் இயக்கித் தரலாம், அதற்கு வாங்கியவரோடு நேரடியாகப் பேச வேண்டும் என்றாள். பில்லில் அண்ணன் பெயர்தான் இருந்தது.

ஸ்பீக்கரில் போட்டுப் போனை அவர் முன்னால் வைத்தோம்.

“வணக்கம் சார். ஒரே ஒரு கேள்விதான். இந்த விண்டோஸ் இப்போ எத்தனை கம்ப்யூட்டர்ல இருக்கு?”

ஞானதாசன் சார் எழுந்து நின்றார். முப்பது வருஷம் பிறர் காசில் டீ குடிக்காத அந்த மனிதர், அண்ணனின் கண்ணுக்கு முன்னால் தன் ஆள்காட்டி விரலை உயர்த்திப் பிடித்தார். ஒன்று. உதட்டாலும் சொல்லிக் காட்டினார்: ஒண்ணு, ஒண்ணு. போதகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் மனதுக்குள் ஒண்ணு என்று சொல்லுங்கள் அண்ணே என்று கெஞ்சினேன். அந்த ஒரு சொல் போதும், கல் நிற்கும்.

அண்ணன் அந்த விரலைப் பார்த்தார். போன் பக்கம் குனிந்தார்.

“நாங்க பாத்தது பதினேழு வீடு மக்கா. பாக்காத வீடு இன்னும் எவ்வளவோ உண்டு. எல்லா வீட்டுலயும் அவ இருக்கா.”

சாரின் விரல் அப்படியே மடங்கியது. மறுமுனையில் அந்தப் பெண் கீபோர்டில் எதையோ தட்டினாள்.

“சார், அப்படின்னா இந்த நம்பரை நாங்க நிரந்தரமா ரத்து பண்ண வேண்டியிருக்கும்.”

“செய்யுங்க. நம்பர நீங்க எடுத்துக்கிடுங்க. பேர ஒண்ணும் செஞ்சிடப்பிடாது, கேட்டியளா?”

“எந்தப் பேரு சார்?”

“தொறக்கும்பம் வருமே, ஒரு பேரு.”

“ஓ, அதுவா? அதை நாங்க ஒண்ணும் பண்ண முடியாது சார். அது அந்தந்த வீட்டுக்காரங்க வச்ச பேரு.”

அண்ணன் போனை அணைத்தார். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஞானதாசன் சார் நாற்காலியில் சரிந்து, எல்லாம் போச்சே, எல்லாம் போச்சே என்று முனகிக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் தோளில் கையை வைத்தார்.

“விடுங்க சாரே. கல்லு அவியளுக்கு எடைஞ்சலா இருந்தா பேத்துக்கிடட்டு.”